தூக்கு: தருமபுரிக்கு ஒரு நியாயம், கடலூருக்கு ஒரு நியாயமா?

சேலம் குமாஸ்தா:

பெரிய வழக்கில் தீர்ப்பு வரும் நாளில் இங்கே "தூக்குல போடணும்" என்று பதிவுகள் குவிகின்றன. அப்புறம் மேல்முறையீட்டில் அந்த வழக்கு என்ன ஆனது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

நான் கிரிமினல் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை எப்படி முடிவாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்பது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 235(2)ஆவது பிரிவு. நடப்பது என்னவென்றால், சாப்பாட்டு இடைவேளைக்கு முன் "குற்றம் நிரூபணமாகிறது" என்பார்கள், இடைவேளை முடிந்ததும் "தண்டனை பத்தி ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். கூண்டில் நிற்பவர் "வயசான அம்மா இருக்காங்க, பார்த்துச் செய்யுங்கய்யா" என்பார். அது தீர்ப்பில் இரண்டு வரியாக ஏறும். அவர் எப்படி வளர்ந்தார், மனநிலை எப்படி, சிறையில் நடத்தை எப்படி என்று ஒரு காகிதம்கூடக் கோப்பில் இருக்காது. இதையெல்லாம் விசாரணை நீதிமன்றமே கேட்டு வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது 2022இல்தான், மனோஜ் வழக்கில். "அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு" என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் சொன்னதற்கு 42 ஆண்டு கழித்து.

தூக்கு வேண்டாம் என்பது என் கட்சி. கொலைகாரர் மேல் இரக்கம் இருப்பதால் சொல்லவில்லை. யாருக்குக் கயிறு, யாருக்கு ஆயுள் என்பதை நம் நீதிமன்றங்களால் ஒரே அளவுகோல் வைத்து முடிவு செய்ய முடிந்ததே இல்லை. பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் மாறுபட்டவர் பகவதி ஒருவர்தான். அவர் சொன்ன முக்கியக் காரணமும் இதுதான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

தருமபுரி வாசகன்:

அண்ணா, நான் எதிர்க்கட்சி. 2000 பிப்ரவரி 2 அன்று எங்கள் ஊர் இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்தைக் கொளுத்தினார்கள். பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவித்த நாள் அது. கோவையிலிருந்து கல்விச் சுற்றுலா வந்த பிள்ளைகளுக்கும் அந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம்? மூன்று பேர் உள்ளேயே கருகிப்போனார்கள்.

சாட்சிகள் பிறழ்ந்து, வழக்கு சேலத்துக்கு மாறி, 2007இல் மூன்று பேருக்குத் தூக்கு. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2010இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2016இல் அதே உச்ச நீதிமன்றம், கும்பல் வெறியில் செய்தது, திட்டமிட்டதில்லை என்று ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று சொல்லி மூவரையும் வெளியே விட்டார்கள்.

"ஆயுள் தண்டனை போதும்" என்று நீங்கள் சொல்லும்போது எங்கள் ஊரில் அதற்குப் பொருள் இதுதான். கட்சிக்காரன் என்றால் கதவு திறக்கும். தூக்கு நிறைவேறியிருந்தால் இந்த அவமானம் நேர்ந்திருக்காது.

நாகர்கோவில் ஆசிரியர்:

தம்பியின் கோபம் நியாயமானது. ஆனால் தூக்கு இருந்தால் கொலை குறையும் என்று நினைப்பவர்களுக்காக எங்கள் ஊர்க் கதை ஒன்று.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டில் இல்லை. அதற்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே 1944இல் தூக்குத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியச் சட்டம் வந்தபோது, 1950 வாக்கில் தூக்கும் திரும்ப வந்தது. ஒரே மண், ஒரே மக்கள், தூக்கு இல்லாத ஐந்தாறு ஆண்டு, தூக்கு இருந்த ஐந்தாறு ஆண்டு. கொலை எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் இந்த மண்ணில் தூக்குமேடை இல்லாமலே நாடு நடந்திருக்கிறது. பள்ளியில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

தருமபுரி வாசகன்:

ஐயா, ஐந்தாறு வருடக் கணக்கு, சின்ன சமஸ்தானம். இடையில் சுதந்திரம், பஞ்சம், இடப்பெயர்வு எல்லாம் நடந்திருக்கிறது. அதை வைத்துத் தூக்கு பயம் தராது என்று முடிவு கட்ட முடியாது. "பயம் தரும்" என்றும் முடிவு கட்ட முடியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். என் வாதம் பயத்தைப் பற்றியதே இல்லை.

கடலூர் அம்மா:

நானும் பயத்தைப் பற்றிப் பேச வரவில்லை. எங்கள் மாவட்டத்தில் 2009இல் ஏழு வயதுப் பையனைப் பள்ளி விட்டு வரும் வழியில் கடத்தி, ஐந்து லட்சம் கேட்டு, கொன்று தண்ணீரில் போட்டார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போய் "தூக்கு கொலையைக் குறைக்காது" என்று புள்ளிவிவரம் சொல்வீர்களா? தண்டனை என்பது அடுத்தவனைப் பயமுறுத்த மட்டும் இல்லை. செய்ததற்கு ஈடாக இருக்க வேண்டும். சில செயலுக்குச் சிறை ஈடாகாது. பழிவாங்கல் என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். பழிவாங்கலாக இருந்தால் அந்தக் குடும்பமே செய்திருக்கும். அவர்கள் கோர்ட்டை நம்பிக் காத்திருந்தார்கள்.

சேலம் குமாஸ்தா:

அக்கா, ஈடு பற்றி நீங்கள் சொல்வதற்கு என்னிடம் சுலபமான பதில் கிடையாது. தூக்கை ஆதரிப்பவர்களின் வாதங்களில் வலுவானது அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன வழக்கையே எடுத்துக்கொள்வோம், நான் தீர்ப்பைப் படித்திருக்கிறேன்.

சுந்தர் என்கிற சுந்தரராஜன் வழக்கு. 2013இல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, கொல்லப்பட்டவன் அந்த வீட்டின் ஒரே ஆண் பிள்ளை என்பது. பெற்றவர்களுக்கு மூன்று பெண்கள், ஒரு பையன். ஒரே மகனைத் தேர்ந்தெடுத்துக் கடத்தியதால் குற்றம் இன்னும் கொடியது என்று எழுதினார்கள். அப்படியானால் பெண் குழந்தையைக் கடத்திக் கொன்றிருந்தால் எடை குறைவா? 2023 மார்ச்சில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு மறுஆய்வில் அதை மறுத்தது. குழந்தை ஆணா பெண்ணா என்பது தண்டனையைக் கூட்டும் காரணம் ஆகாது என்று சொல்லி, தண்டனைக் குறைப்பே இல்லாமல் குறைந்தது 20 ஆண்டு கழிக்க வேண்டிய ஆயுள் சிறையாக மாற்றியது.

இன்னொன்று. சிறையில் சுந்தரராஜனுடைய நடத்தை பற்றிய விவரத்தைக் காவல்துறை தரப்பு மறைத்தது என்று கம்மாபுரம் இன்ஸ்பெக்டருக்கு அவமதிப்பு நோட்டீஸ் போனது. சுந்தரராஜன் சிறையில் உணவுத் தயாரிப்பில் டிப்ளமோ முடித்திருந்தார். ஓர் உயிரை எடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குத் தேவையான தாளையே மறைத்தார்கள்.

முக்கியமான விஷயம், இந்த மறுஆய்வு நடந்ததே தற்செயல். முதல் மறுஆய்வு மனுவை நீதிபதி அறையிலேயே தள்ளுபடி செய்தார்கள். 2014இல் முகமது ஆரிஃப் வழக்கில், தூக்குக் கைதியின் மறுஆய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று அரசியல் சாசன அமர்வு சொன்னதால்தான் கதவு மறுபடி திறந்தது. அதற்கு முன் கயிறு விழுந்திருந்தால், "ஒரே மகன்" என்ற காரணம் அப்படியே நின்றிருக்கும்.

கடலூர் அம்மா:

எனக்கு இரண்டும் பெண்கள். அந்த "ஒரே மகன்" வரியை நான் படித்ததில்லை. படித்திருந்தால் அன்றே கோபம் வந்திருக்கும். காரணம் தப்பு என்பதை ஏற்கிறேன். தண்டனை தப்பு என்பதை ஏற்க மாட்டேன். தப்பான காரணத்தை நீக்கிவிட்டு, சரியான காரணத்துக்காகத் தூக்கு கொடுத்திருக்கலாமே.

சேலம் குமாஸ்தா:

கொடுத்திருக்கலாம்தான். அந்தச் "சரியான காரணம்" எது என்பதில்தான் அமர்வுக்கு அமர்வு ஆட்கள் மாறுகிறார்கள்.

ஹர்பன்ஸ் சிங் வழக்கு என்று உத்தரப் பிரதேசத்தில் ஒன்று. ஒரே குற்றம், மூன்று பேருக்குத் தூக்கு, மூவரின் பங்கும் ஒரே மாதிரி. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள், வேறு வேறு அமர்வு. ஜீத்தா சிங்கின் மனு தள்ளுபடி. காஷ்மீரா சிங்குக்கு ஆயுளாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் சிங்குக்கும் தள்ளுபடிதான், கடைசி நேரத்தில் ரிட் மனு போட்டதால் தப்பினார். கூட்டாளி ஒருவருக்குத் தண்டனை குறைந்த விவரம் அதற்குள் தெரியவந்திருந்தது. ஆனால் 1981 அக்டோபரில் ஜீத்தா சிங்கைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். நீதிமன்றமே வருந்தி எழுதிய வழக்கு இது.

ராவ்ஜி வழக்கு அதைவிட மோசம். ராஜஸ்தான்காரர், 1996இல் தூக்கில் போட்டார்கள். குற்றத்தின் தன்மையை மட்டும் பார்த்தால் போதும், குற்றவாளியைப் பார்க்க வேண்டாம் என்று அவர் வழக்கில் சொன்னது பச்சன் சிங் தீர்ப்புக்கு முரண் என்று 2009இல் உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர், இப்படித் தவறான தீர்ப்பின் அடிப்படையில் தூக்குக்குக் காத்திருப்பவர்களின் தண்டனையைக் குறைக்கும்படி ஜனாதிபதிக்கு எழுதினார்கள். ராவ்ஜிக்கு எழுத முடியாதே.

தாராபுரம் தோழர்:

இதுவரை யாரும் சாதியைப் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

2016இல் உடுமலையில் பட்டப்பகலில் பேருந்து நிலையம் பக்கத்தில், சாதி மாறி கௌசல்யாவைக் கல்யாணம் செய்த தலித் இளைஞர் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. அன்று எங்கள் பக்கத்தில் பட்டாசு வெடிக்காதவர்கள் குறைவு. நானும் வெடித்தேன். ஆணவக் கொலைக்குத் தூக்கா என்று யாராலும் நம்ப முடியவில்லை. அதுவரை ஓடிப்போன பெண்ணையும் பையனையும் கொன்றால் ஊரே சேர்ந்து மறைக்கும், வழக்கே நிற்காது.

2020 ஜூனில் உயர் நீதிமன்றம் ஐந்து பேரின் தூக்கைக் குறைந்தது 25 ஆண்டு கழிக்க வேண்டிய ஆயுள் சிறையாகக் குறைத்தது. அப்பாவை முழுவதுமாக விடுதலை செய்தது. எங்களைச் சுட்டது தூக்கு போனது இல்லை, அவர் விடுதலையானது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நாங்கள் கேட்டது கயிறு இல்லை. சதி செய்தவன் குற்றவாளி என்று சட்டம் சொல்ல வேண்டும், அந்தச் சொல் கடைசி வரை நிற்க வேண்டும். தூக்கு விதித்துவிட்டால் மேல் கோர்ட்டில் ஒவ்வொரு சாட்சியத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் விசாரணையை ஒழுங்காகச் செய்யாமல் தலைப்புச் செய்திக்குத் தூக்கு வாங்கினால் இழப்பு நமக்கு.

தூக்குக் கொட்டடியில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பிற்படுத்தப்பட்டோர், தலித்துகள், பழங்குடிகள், மதச் சிறுபான்மையினர். கிட்டத்தட்ட அதே அளவு பேர் ஏழைகள். நல்ல வக்கீல் வைக்க முடியாதவர்கள். ஆணவக் கொலைக்காரர்களைப் பிடிக்க நாங்கள் கேட்கும் கயிறு கடைசியில் எங்கள் கழுத்துக்குத்தான் வருகிறது.

மதுரை சுந்தரி:

மவுலிவாக்கம் சிறுமி வழக்கை ஏன் யாரும் எடுக்கவில்லை? 2018இல் செங்கல்பட்டு கோர்ட் தூக்கு, அதே வருடம் உயர் நீதிமன்றம் உறுதி, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை. குழந்தை செத்தது உண்மை. யார் கொன்றது? யாரும் இல்லையா? இப்படி விடுவதற்குப் பெயர் நீதியா?

சேலம் குமாஸ்தா:

அம்மா, அந்த வழக்கில் என் மனமும் ஆறவில்லை. ஆனால் விடுதலைக்குச் சொன்ன காரணங்களைப் பாருங்கள். குற்றச்சாட்டு வனையும்போது குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீலே இல்லை, அப்புறம்தான் கொடுத்தார்கள். முக்கியமான ஆதாரம் என்று சொன்ன கண்காணிப்பு கேமரா பதிவை நீதிமன்றத்தில் வைக்கவே இல்லை. இந்தக் கோப்பை வைத்துத்தான் இரண்டு நீதிமன்றங்கள் ஒருவரைக் கொல்லச் சொல்லிக் கையெழுத்துப் போட்டன. அவர் குற்றவாளியாக இருந்தால், ஒழுங்காக விசாரிக்காத காவல்துறை அவரைத் தப்பவிட்டது. இல்லை என்றால், நிஜமான ஆள் 2017இலிருந்து வெளியே நடமாடுகிறான். இரண்டில் எதற்கும் தூக்குக் கயிறு மருந்தில்லை.

தருமபுரி வாசகன்:

அண்ணா, விடுதலையானால் விடுதலை. அது மேல்முறையீடு வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சிதானே? தப்பைத் திருத்தத்தானே இத்தனை படி வைத்திருக்கிறோம்?

சேலம் குமாஸ்தா:

மேல் படியே தப்பு செய்த வழக்கு இருக்கிறது. அங்குஷ் மாருதி ஷிண்டே, மகாராஷ்டிரா. நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேர். 2003இல் ஒரு வீட்டில் ஐந்து பேர் கொலை. உயர் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கு, மூன்று பேருக்கு ஆயுள் என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்று உயர்த்தியது. அதில் ஒருவர் சம்பவ நேரத்தில் சிறுவன் என்பது பின்னால்தான் தெரிந்தது. 2019இல் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்தது. உயிர் தப்பிய பெண் போலீஸ் ஆல்பத்தைப் பார்த்து முதலில் அடையாளம் காட்டியது வேறு நான்கு பேரை. அவர்களை விசாரிக்கவே இல்லை. பதினாறு வருடம் சிறை, ஆளுக்கு ஐந்து லட்சம் இழப்பீடு.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். பூந்தமல்லி தடா கோர்ட் 1998இல் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. பேரறிவாளன் மேல் இருந்த குற்றச்சாட்டில் முக்கியமானது இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தது. எதற்கு என்று தெரியாது என அவர் சொன்ன பகுதியை வாக்குமூலத்தில் விட்டுவிட்டேன் என்று, பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013இல் சொன்னார். பேரறிவாளனின் தூக்குக்கு 2011 செப்டம்பர் 9 என்று தேதி குறித்திருந்தார்கள். அந்தத் தேதியில் முடிந்திருந்தால் 2013இல் அந்த அதிகாரி சொன்னதை யாருக்குச் சொல்லியிருப்பார்?

வட்டுக்கோட்டை வாசகர்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடைய நாட்டில் 1976இற்குப் பிறகு எவரையும் தூக்கிலிடவில்லை. தீர்ப்பு மட்டும் வரும். இதனால் என்ன நடக்கிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன்.

2000 டிசம்பரில் மிருசுவிலில், தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போன எட்டுப் பொதுமக்களை இராணுவத்தினர் கொன்று புதைத்தார்கள். 2015இல் ஒரு சார்ஜன்டுக்கு மரணதண்டனை. 2019இல் உயர் நீதிமன்றம் (உங்களுடைய உச்ச நீதிமன்றம் போல) உறுதிப்படுத்தியது. இராணுவத்தினருக்கு இப்படி ஒரு தீர்ப்பு எங்களுக்குக் கிடைத்தது மிக அரிது. 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக எல்லோரும் வீட்டுக்குள் இருந்த நேரம், ஜனாதிபதி கோட்டாபய பொதுமன்னிப்புக் கொடுத்து அவரை வெளியில் விட்டார். செத்தவர்களின் குடும்பங்களை ஒருவரும் கேட்கவில்லை.

தருமபுரித் தம்பி சொல்லும் வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனால் பாருங்கள், எங்களுக்கு நடந்தது தீர்ப்பில் "மரணம்" என்று எழுதியிருந்தும் நடந்தது. தண்டனையின் பெயர் எதுவானாலும், மன்னிப்பு ஆட்சியாளரின் கையில் இருக்குமட்டும் இது நடக்கும்.

ஈப்போ தமிழன்:

மலேசியாவிலிருந்து ஒரு சிறு குறிப்பு. எங்கள் நாகேந்திரன் தர்மலிங்கத்தை 2022 ஏப்ரலில் சிங்கப்பூரில் தூக்கிலிட்டார்கள். 42.72 கிராம் ஹெராயின். அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர் சொல்லியிருந்தார். யாரையும் கொல்லவில்லை.  மறு ஆண்டே மலேசியாவில் கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டு, முடிவை நீதிபதியிடம் விட்டார்கள். ஒரு சட்டம் ஆளைப் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்தால் மாட்டுவது தோட்டப்புறத்துப் பிள்ளைகள்தான்.

தருமபுரி வாசகன்:

எல்லாவற்றையும் படித்தேன். ஷிண்டே வழக்கு எனக்குத் தெரியாது, படித்ததும் தூக்கம் வரவில்லை. சரி, தூக்கு என்று நான் இனி அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் குமாஸ்தா அண்ணாவிடம் ஒன்று கேட்கிறேன், நேரடியாகப் பதில் சொல்லுங்கள். கடலூர் வழக்கில் "குறைப்பே இல்லாத 20 ஆண்டு" என்று போட முடிந்தது. எங்கள் ஊர் வழக்கில் ஏன் போடவில்லை?

சேலம் குமாஸ்தா:

போட முடியாமல் இல்லை. 2008இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் இந்த வழி வந்தது. 2015 டிசம்பரில் ஸ்ரீஹரன் வழக்கில் (ராஜீவ் வழக்கின் முருகன்தான்) அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. அது வந்து மூன்று மாதத்தில் உங்கள் ஊர் வழக்கு மறுஆய்வில் முடிந்தது. ஆண்டுக் கணக்குப் போடாமல் வெறும் ஆயுள் என்று விட்டார்கள். அதற்கு என்னிடம் நியாயம் இல்லை தம்பி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 20 ஆண்டு என்று போட்டிருந்தாலும், அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவு ஆளுநருக்குத் தரும் மன்னிப்பு அதிகாரத்தை நீதிமன்றத்தால் கட்ட முடியாது. ஸ்ரீஹரன் தீர்ப்பே அதைச் சொல்கிறது. ஆனால் 2000இல் நளினியின் தூக்கை நிறுத்தியதும் அதே பிரிவுதான். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தருமபுரி வாசகன்:

வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. யாரை, எந்தக் காரணத்துக்காக விடுகிறோம் என்று அமைச்சரவை எழுத்தில் வெளியிடட்டும். கையெழுத்துப் போடும் முன் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். "வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் விடக் கூடாது என்று நான் கேட்கவில்லை, அவர்கள் சொன்னது கோப்பில் இருக்க வேண்டும். குற்றவாளி பற்றிய தாள் செஷன்ஸ் கோர்ட் கோப்பில் இல்லை என்று முதல் பதிவில் வருத்தப்பட்டீர்களே, இந்தத் தாளும் எந்தக் கோப்பிலும் இல்லை.

கடலூர் அம்மா:

இதற்கு மனு போடுவதாக இருந்தால் என் கையெழுத்தும் உண்டு. தூக்கு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

சேலம் குமாஸ்தா:

வரைவு எழுதி ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடுகிறேன். தோழர், ஆணவக் கொலை வழக்குகளில் குறைப்பு கேட்டு வந்த மனுக்கள் பற்றி உங்களிடம் விவரம் இருந்தால் அனுப்புங்கள், அதையும் சேர்க்க வேண்டும்.